அரூப ஓவியத்தை வாசிப்பது எப்படி? கோர்க்கியின் தாயும் ஒரு பூவேலைத் துணியும்

அரூப வெளிப்பாட்டுவாதம் என்பது 1940களில் நியூயோர்க்கில் உருவான ஓவியப் போக்கு. ஓர் உருவத்தைக் காட்டாமல் நிறம், கோடு, கையசைவு ஆகியவற்றாலேயே உணர்வைச் சொல்ல முயன்றது. அதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் ஆர்ஷைல் கோர்க்கி என்ற ஆர்மேனிய அகதி. அவருடைய ஒரு தைலவர்ண ஓவியத்தை வைத்து இவ்வகைப் படங்களை வாசிக்கும் முறையைப் பார்ப்போம்.

படத்தின் பெயர் 'என் தாயின் பூவேலை ஏப்ரன் என் வாழ்வில் எப்படி விரிகிறது'. ஏப்ரன் என்பது வீட்டு வேலையின்போது பெண்கள் ஆடைக்கு மேல் கட்டும் முன்துணி. 1944இல் வரையப்பட்ட இப்படம் சியாட்டில் கலை நூதனசாலையில் உள்ளது.

முதலில் கண்ணால் பாருங்கள்

பெயரைச் சற்று மறந்துவிடுங்கள். மெல்லிய கறுப்புக் கோடுகள் இலைபோல, பூப்போல, உடலுறுப்புபோல ஏதோ ஒன்றைத் தொடங்கி முடிக்காமல் விடுகின்றன. நிறம் கோட்டுக்குள் அடங்காமல் கீழே வழிந்திருக்கிறது. இது கவனக்குறைவு அல்ல. சிலி நாட்டு ஓவியர் மாத்தாவின் யோசனைப்படி கோர்க்கி வர்ணத்தை டர்பன்டைனில் கரைத்துத் தண்ணீர்போலப் பூசினார். அதற்கு முன் வர்ணத்தை அடுக்கடுக்காகத் தடிப்பாகப் பூசி வந்தவர் அவர்.

பிறகு தலைப்பு

அந்தக் காலத்தில் அவருடைய படங்கள் சிலவற்றுக்கு, வரைந்து முடிந்த பின்னரே கவிஞர் அந்திரே பிரெத்தோனின் உதவியுடன் பெயர் வைக்கப்பட்டது. ஆகவே தலைப்பைத் துப்பாக எடுக்கலாம், பொருளடக்கமாக எடுக்கக்கூடாது.

அதன் பின் வாழ்க்கை

கோர்க்கியின் இயற்பெயர் வொஸ்தானிக் அதோயன். ஒட்டோமன் பேரரசில் வான் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1915 இனப்படுகொலையின்போது தாயும் பிள்ளைகளும் தப்பியோடினர். 1919இல் தாய் சுஷான் யெரெவானில் பட்டினியால் இறந்தார். மறுவருடம் அவரும் தங்கையும் அமெரிக்கா சேர்ந்தனர்.

முன்பே அமெரிக்கா போயிருந்த தகப்பனுக்கு அனுப்புவதற்காக 1912இல் தாயும் மகனும் ஒரு படம் பிடித்திருந்தனர். அப்படியொரு படம் நம் வீடுகள் பலவற்றிலும் உண்டு. அதில் தாயின் முன்துணியில் பூக்கள் தெளிவாகத் தெரிகின்றன. அதைப் பார்த்து கோர்க்கி பல வருடங்களாக 'ஓவியனும் தாயும்' என்ற உருவ ஓவியத்தை இரண்டு வடிவங்களில் வரைந்தார். இரண்டிலும் தாயின் மடி வெறுமையாக இருக்கிறது. 1944ஆம் ஆண்டுப் படத்திலோ தாய் இல்லை; அங்கே காணாமற்போன பூக்கள் இங்கே பரந்து கிடக்கின்றன என்று வாசிக்க இடமுண்டு.

ஆனால் அத்துடன் நின்றால் பாதி வாசிப்புத்தான். 1943இலும் 1944இலும் அவர் வேர்ஜினியாவில் மனைவியின் பெற்றோருடைய பண்ணையில் தங்கி, புல்லுக்குள் இருந்து செடி கொடிகளைப் பார்த்து வரைந்தார். புதிய நாட்டின் அந்த வயல்வெளியும் இந்தத் துணியில் இருக்கிறது.

சான்றைச் சரிபாருங்கள்

கோர்க்கி தங்கைக்கு ஆர்மேனிய மொழியில் எழுதியவை என்று அவருடைய மருமகன் 1970களில் சில கடிதங்களை வெளியிட்டார். தாய்நாட்டு ஏக்கம் நிரம்பிய அந்தக் கடிதங்களைக் காட்டி அறிஞர்கள் படங்களை விளக்கினார்கள். பல வருடங்களுக்குப் பின்னரே அவற்றில் பல இட்டுக்கட்டப்பட்டவை என்று தெரியவந்தது. பற்றுச்சீட்டு போலியானால் கணக்குப் பதிவும் நிற்காது. கோர்க்கியும் தம்மை ரஷ்யர் என்றும் எழுத்தாளர் மாக்சிம் கோர்க்கியின் உறவினர் என்றும் சொல்லித் திரிந்தவர்தான்.

தாயின் பட்டினிச் சாவு உண்மை. அதற்குப் போலிக் கடிதம் தேவையில்லை. ஆனால் அகதி வரைந்தது என்றதும் படத்தில் அழுகையை மட்டும் தேடினால், அவர் வர்ணத்தைக் கரைத்த விதமும் வேர்ஜினியாவின் புல்லும் கண்ணில் படாது. நாளைக்கு நம் பிள்ளைகள் வரையும் படத்தையும் இப்படித்தான் 'போர்' என்ற ஒரே சொல்லில் மூடுவார்கள். அதனால் இத்தகைய படத்தின் முன் பிள்ளை "இது என்ன?" என்று கேட்டால், கதையைச் சொல்ல முன் "நீ என்ன காண்கிறாய்?" என்று கேளுங்கள். கதையைப் பிறகு சொல்லலாம்.