சேனல் 16: கடலில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்றைய எபிசோட் ஒரு பரீட்சையில் தொடங்குகிறது. நாற்பத்தைந்து வயசில் நான் எழுதின பரீட்சை.

இங்கிலாந்தின் தென்கரையில், சௌத்தாம்ப்டன் பக்கத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவரிடம் சின்னதாக ஒரு பாய்மரப் படகு இருக்கிறது. வார இறுதிகளில் சில நேரம் நானும் கூடப் போவேன். படகுக்குள் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு ரேடியோ மாட்டியிருப்பார். வி.எச்.எஃப் ரேடியோ. சுருள் வயர், கையில் பிடிக்கிற மைக், அதில் ஒரு பொத்தான். ஒருநாள் நான் அதை எடுத்து விளையாட்டாகப் பேசப் போனேன். சட்டென்று கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"சர்டிஃபிகேட் எடுத்துட்டு வா, அப்புறம் தொடு."

"பேசறதுக்கு ஒரு பரீட்சையாடா?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "நான் பக்கத்துல இருந்தா நீ பேசலாம், சட்டம் அதுக்கு இடம் குடுக்குது. ஆனா நானே தண்ணியில விழுந்துட்டேன்னு வை. அப்போ யாரைக் கூப்பிடுவ? என்ன சொல்லுவ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். பேசுவதற்கு ஏன் தகுதிச் சான்றிதழ் என்ற கேள்விக்குப் பின்னால் நூற்றிருபது வருஷக் கதை இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஒருவர் பேச, ஒருவர் கேட்க

கென்ட் கடற்கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டு இருக்கிறது. எத்தனையோ கப்பல்களை விழுங்கின இடம். மணலில் கலங்கரை விளக்கம் கட்ட முடியாது என்பதால் விளக்கு ஏற்றின கப்பல்களையே அங்கே நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒன்று ஈஸ்ட் குட்வின் விளக்குக் கப்பல். மார்க்கோனியின் ஆட்கள் சோதனைக்காக அதில் ஒரு வயர்லெஸ் கருவியை வைத்திருந்தார்கள். 12 மைல் தள்ளி, சௌத் ஃபோர்லாண்ட் கலங்கரை விளக்கத்தில் இன்னொரு கருவி.

1899 ஏப்ரலில், பனிமூட்டத்தில் ஆர். எஃப். மேத்யூஸ் என்ற நீராவிக் கப்பல் இந்த விளக்குக் கப்பல் மேலேயே மோதிவிட்டது. கப்பலில் இருந்தவர்கள் வயர்லெஸ்ஸில் கரைக்குத் தட்டினார்கள். செய்தி போய்ச் சேர்ந்தது. கடலிலிருந்து வயர்லெஸ்ஸில் உதவி கேட்ட மிக ஆரம்ப கால நிகழ்ச்சிகளில் இது ஒன்று.

ஒன்றைக் கவனியுங்க. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததற்கு ஒரு முக்கியமான காரணம், அந்தக் கடலில் பேச ஒருவர், கேட்க ஒருவர்தான் இருந்தார்கள். நடுவில் குறுக்கே பேச ஆளே இல்லை.

பத்தே வருஷத்தில் நிலைமை மாறிவிட்டது. 1909 ஜனவரியில் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால், மறுபடியும் பனிமூட்டத்தில், ரிபப்ளிக் என்ற பயணிகள் கப்பலும் ஃப்ளோரிடா என்ற கப்பலும் மோதிக்கொண்டன. ரிபப்ளிக்கின் வயர்லெஸ் ஆபரேட்டர் ஜாக் பின்ஸ், உடைந்துபோன அறையில் உட்கார்ந்து மணிக்கணக்காகச் செய்தி அனுப்பினார். பால்டிக் என்ற கப்பல் தேடி வந்தது. இரண்டு கப்பலிலும் சேர்த்துச் சுமார் 1500 பேர் பிழைத்தார்கள். நியூயார்க்கில் பின்ஸை வீரனாகக் கொண்டாடினார்கள். வயர்லெஸ் இருந்தால் போதும், கடல் பாதுகாப்பாகிவிடும் என்று ஜனங்கள் நம்ப ஆரம்பித்தார்கள்.

கழற்றின ஹெட்ஃபோன்

அந்த நம்பிக்கை உடைந்த ராத்திரி எல்லாருக்கும் தெரியும். 1912 ஏப்ரல் 14. டைட்டானிக். ஆனால் இந்தக் கதையை ரேடியோ அறையிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

டைட்டானிக்கின் ஆபரேட்டர்கள் ஜாக் ஃபிலிப்ஸ், ஹரால்ட் பிரைட். இரண்டு பேரும் மார்க்கோனி கம்பெனி ஊழியர்கள். பயணிகளின் சொந்தத் தந்திகளை அனுப்புவது அவர்கள் வேலையில் பெரிய பங்கு. அன்று ராத்திரி ஃபிலிப்ஸ், கேப் ரேஸ் நிலையத்துக்குக் குவிந்து கிடந்த தந்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. அதில் ஒரே ஒரு ஆபரேட்டர், சிரில் எவன்ஸ். காலையிலிருந்து வேலையில் இருந்தவர். இரவு 11 மணி வாக்கில், பனிக்கட்டி சூழ்ந்து நிற்கிறோம் என்று டைட்டானிக்குக்குத் தட்டினார். பக்கத்திலிருந்து வந்ததால் சத்தம் ஃபிலிப்ஸின் காதைத் துளைத்தது. வேலையாக இருக்கிறேன், குறுக்கே வராதே என்கிற தோரணையில் பதில் வந்தது. எவன்ஸ் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கருவியை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். அவர் செய்ததில் விதிமீறல் எதுவும் இல்லை. ராத்திரி முழுக்கக் கேட்க வேண்டும் என்று விதியே கிடையாது.

11.40-க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது.

கூப்பிட்ட குரலைக் கேட்டு ஓடி வந்தது கார்ப்பேத்தியா. அதன் ஆபரேட்டர் ஹரால்ட் காட்டமும் படுக்கப் போகிற நேரம்தான். ஹெட்ஃபோனை இன்னும் கழற்றவில்லை, அவ்வளவுதான். சுமார் 700 பேர் பிழைத்ததற்கும் அந்தக் கழற்றாத ஹெட்ஃபோனுக்கும் சம்பந்தம் இருக்கிறது. 1500 பேர் போனதில், பக்கத்தில் தூங்கிப்போன ஒரு கருவிக்கும் பங்கு இருக்கிறது.

அத்தோடு முடியவில்லை. அடுத்த நாள் காற்றில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தட்டினார்கள். செய்திகள் ஒன்றோடொன்று கலந்தன. எல்லாரும் பத்திரம், டைட்டானிக்கை ஹாலிஃபாக்ஸுக்கு இழுத்து வருகிறார்கள் என்று சில பத்திரிகைகள் அச்சடித்தே விட்டன.

அதற்குப் பிறகுதான் சட்டங்கள் வந்தன. 1912 ஆகஸ்டில் அமெரிக்கா ரேடியோ சட்டம் போட்டது: ஒலிபரப்புகிறவருக்கு உரிமம் வேண்டும், பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களுக்குத் தனி அலைவரிசை. 1914-ல் லண்டனில் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதல் சர்வதேச ஒப்பந்தம். பெரிய பயணிகள் கப்பலில் ராத்திரி பகல் காது கொடுக்க ஆள் இருக்க வேண்டும் என்றது. முதல் உலகப் போரால் அது முழுசாக நடைமுறைக்கு வரவில்லை, ஆனால் பின்னால் வந்த ஒப்பந்தங்களுக்கெல்லாம் அதுதான் அடித்தளம்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று சொல்றேன். பழைய கப்பல் ரேடியோ அறைக் கடிகாரத்தைப் படத்தில் பார்த்திருக்கீங்களா? முகப்பில் கேக் துண்டு மாதிரி இரண்டு சிவப்புப் பட்டைகள் இருக்கும். 15-லிருந்து 18-வது நிமிஷம் வரை ஒன்று, 45-லிருந்து 48 வரை இன்னொன்று. முள் அந்தச் சிவப்புக்குள் நுழைந்ததும் ஆபத்து அலைவரிசையில் யாரும் தட்டக் கூடாது. எல்லாரும் கையை எடுத்துவிட்டு, எங்காவது பலவீனமாக ஒரு குரல் கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். மணிக்கு இரண்டு தடவை, மூன்று நிமிஷம், கடல் முழுக்க மௌனம்.

பேச்சு வந்த பிறகு

மோர்ஸ் காலத்து எஸ்.ஓ.எஸ், பேச்சு ரேடியோவுக்குச் சரிப்படவில்லை. 'எஸ்' என்ற ஓசை இரைச்சலில் தெளிவாகக் கேட்காது. 1920-களில் லண்டன் க்ராய்டன் விமான நிலையத்தின் ரேடியோ அதிகாரி ஃப்ரெடெரிக் மாக்ஃபோர்டிடம் வேறு சொல் கேட்டார்கள். அங்கிருந்து பாரிஸுக்குத்தான் நிறைய விமானங்கள். பிரெஞ்சில் 'எனக்கு உதவுங்கள்' என்பதன் ஓசையை ஒட்டி 'மேடே' என்றார். 1927-ல் வாஷிங்டன் ஒப்பந்தம் அதை உலகத்துக்கே பொதுச் சொல்லாக்கியது.

இதெல்லாம் பெரிய கப்பல்களின் கதை. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகப் பாய் விரிக்கிறவர்களுக்கு இந்தப் பாடம் வர இன்னும் ஐம்பது வருஷம் ஆனது.

1979 ஆகஸ்ட். இங்கிலாந்தின் கௌஸிலிருந்து, அயர்லாந்துக்குத் தெற்கே இருக்கிற ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வருகிற பந்தயம். 303 படகுகள். 13-ம் தேதி ராத்திரி, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு உக்கிரமான புயல். போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை விட்டுவிட்டு ஆட்கள் வெளியேறினார்கள். அவற்றில் மூழ்கினவை 5 மட்டுமே. மீதிப் படகுகள் மிதந்துகொண்டே இருந்தன. உயிர்காப்பு மிதவையே பத்திரம் என்று நினைத்து இறங்கிய சிலர்தான் திரும்பி வரவில்லை.

பல படகுகளில் வானிலை கேட்க ரேடியோ இருந்தது, பேச ரேடியோ இல்லை. தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல வழியில்லை. தேடுகிறவர்களுக்கோ யார் பத்திரம், யார் ஆபத்தில் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. அதற்குப் பிறகு இந்தப் பந்தயத்தில் வி.எச்.எஃப் ரேடியோ கட்டாயமானது.

என் கட்டைவிரல்

இப்போ என் பரீட்சைக்கு வருவோம். பிரிட்டனில் இரண்டு காகிதம் வேண்டும். படகின் ரேடியோவுக்கு ஒரு உரிமம், பேசுகிற ஆளுக்கு ஒரு சான்றிதழ். ஆளுக்கானதன் பெயர் ஷார்ட் ரேஞ்ச் சர்டிஃபிகேட், சுருக்கமாக எஸ்.ஆர்.சி. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் மைக்கை எடுக்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் எடுத்து என்ன செய்வது?

வகுப்பில் பயிற்சி ரேடியோவைக் கொடுத்தார்கள். இஞ்சினில் தீ, படகில் நாலு பேர், கூப்பிடு என்றார் ஆசிரியர். சிவப்பு மூடியைத் திறந்து பொத்தானை அழுத்திப் பிடித்தேன். இது டி.எஸ்.சி. படகின் ஒன்பது இலக்க எண்ணையும், ஜி.பி.எஸ் இணைத்திருந்தால் இருக்கிற இடத்தையும், சேனல் 70 வழியாகத் தானாகவே அனுப்பிவிடும். பிறகு சேனல் 16-ல் குரலில் சொல்ல வேண்டும். மேடே மூன்று தடவை, படகின் பெயர் மூன்று தடவை, இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர்.

நான் தீயைச் சொன்னேன், ஆட்களைச் சொன்னேன். இடத்தைச் சொல்ல மறந்தேன். முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. ஆசிரியர் எதிரே தன் ரேடியோவில் ஏதோ பேசுவது தெரிகிறது, என் பெட்டியில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் கழித்து அவர் பேசாமல் என் கட்டைவிரலைக் காட்டினார். பொத்தானை நான் விடவே இல்லை.

இந்த ரேடியோவில் பொத்தானை அழுத்தியிருக்கிற வரை நமக்கு ஒன்றும் கேட்காது. அதோடு, சுற்றியிருக்கிற எல்லாருக்கும் அந்தச் சேனலையே அடைத்துவிடுகிறோம். செல்போன் ஒரு ஆளிடம் பேசுகிறது. இது கேட்கிற தூரத்தில் இருக்கிற எல்லாரிடமும் பேசுகிறது. அரை மைல் தள்ளிப் போகிற ஏதோ ஒரு படகு, மீட்புப் படகுக்கு முன்னாலேயே உங்களிடம் வந்துவிடலாம். அதன் பலமும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான்.

இன்னொரு எல்லையும் உண்டு. வி.எச்.எஃப் கிட்டத்தட்டக் கண்பார்வைக் கோட்டில்தான் போகும். ஆன்டெனா எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம். கையடக்க ரேடியோ என்றால் சில மைல்தான். நம்ம ஊர்க் கதை ஞாபகம் வரலாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, குமரி மாவட்டத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து எவ்வளவு கூப்பிட்டாலும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். கருவி எதுவரை பேசும் என்று தெரிந்திருப்பதும் தகுதியில் ஒரு பகுதிதான்.

பெரிய கப்பல்களுக்கு 1999 பிப்ரவரி 1 முதல் ஜி.எம்.டி.எஸ்.எஸ் என்கிற தானியங்கி முறை முழுசாக வந்தது. இனிமேல் சேனல் 16-ஐ மனுஷன் உட்கார்ந்து கேட்கத் தேவையில்லை என்றுதான் முதலில் திட்டம். பிறகு தள்ளிப் போட்டார்கள், கடைசியில் கைவிட்டார்கள். ஏன் தெரியுமா? டி.எஸ்.சி இல்லாத சின்னப் படகுகளுக்காக. இன்றைக்கும் சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் சேனல் 16 திறந்திருப்பது, என் நண்பர் மாதிரி ஆட்களுக்காகவும்தான்.

போன செப்டம்பரில் சோலண்ட் நீரிணையில் போய்க்கொண்டிருந்தோம். ரேடியோவில் ஒரு மேடே. சின்ன மோட்டார் படகு, உள்ளே தண்ணீர் ஏறுகிறது, இரண்டு பேர். கடலோரக் காவல் நிலையம் இடத்தைக் கேட்டது. பக்கத்துப் படகு ஒன்று, நாங்கள் போகிறோம் என்றது. பிறகு 'சீலோன்ஸ் மேடே' என்றார்கள். மற்ற எல்லாரும் வாயை மூடுங்கள் என்பதற்கான முறைச்சொல். நாங்கள் தூரத்தில் இருந்தோம். எங்கள் வேலை பேசாமல் இருப்பது.

நடுவில் ஒருத்தர் உற்சாகமாக வந்தார். "ரேடியோ செக், ரேடியோ செக், என் குரல் கேட்குதா?" அந்த மூழ்குகிற படகுக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது அறுந்துபோனது. காவல் நிலையம் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அவர் கெட்டவர் இல்லை. பேசுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கேட்கணும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ஆறு மாசத்துக்கு முன்னால் அந்தக் குரல் என்னுடையதாக இருந்திருக்கும்.

இருபது நிமிஷம் கழித்து 'சீலோன்ஸ் ஃபீனீ' என்று அறிவித்தார்கள். மௌனம் முடிந்தது. இரண்டு பேரும் பத்திரம். நண்பர் மைக்கை எடுத்து என் பக்கம் நீட்டி, "இப்போ மரினாவைக் கூப்பிடு, வர்றோம்னு சொல்லு" என்றார். நான் மரினா சேனலுக்கு மாற்றி, கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினேன்.

உங்களில் யாராவது படகு வைத்திருந்தால், கூட வருகிறவர்களுக்கும் அந்தச் சிவப்பு மூடியையும் மைக்கையும் ஒருதடவை காட்டிக் கொடுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.