ஜெராய் மலையில் ஓர் இரவு: புரட்டாசி, ஐப்பசி மழையில் செல்வோருக்கு

கெடா மாநிலத்தின் கடலோரச் சமவெளியில் தனித்து நிற்கும் ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். சுங்கைப்பட்டாணி, பீடோங், குரூண் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பால்மர வரிசைகளுக்கு மேலே தெரிந்த மலை இது. கடாரத்தைத் தேடி வந்த பழங்காலக் கப்பல்களுக்கும் இதுவே கரை அடையாளமாக இருந்தது. இப்போது விடுமுறை நாள்களில் இளைஞர் குழுக்களும் குடும்பங்களும் இங்கு ஏறுகின்றனர். பலர் ஓர் இரவு தங்கியும் வருகின்றனர்.

தீபாவளியை ஒட்டிய பள்ளி விடுமுறையில் இந்தப் பயணத்தைத் திட்டமிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் ஆண்டு இறுதியில்தான் மழை கொட்டும். வடமேற்கில் உள்ள கெடாவில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே மழை உச்சத்தைத் தொடுகிறது. வறண்ட மாதங்கள் டிசம்பர் இறுதிக்குப் பிறகே தொடங்கும். அதாவது புரட்டாசி, ஐப்பசியில் மலையேறுபவர் மழையை எதிர்பார்த்தே போக வேண்டும். தேதியை மாற்ற முடியுமானால் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் எவ்வளவோ மேல்.

மழையில் நனைவது பெரிய ஆபத்தல்ல. ஆபத்து ஓடையில் இருக்கிறது. மலாய் மொழியில் 'கெப்பாலா ஆயிர்' எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு, குளிப்பவர் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதும் வரக்கூடும். மேலே, கண்ணுக்குத் தெரியாத சரிவில் பெய்த மழை பல சிற்றோடைகளில் ஒன்றுசேர்ந்து, குறுகிய பாறை இடுக்கு வழியாக ஒரே நேரத்தில் இறங்குகிறது. அத்துடன் மரங்களும் பாறைகளும் உருண்டு வரும். 2021 ஆகஸ்டு 18ஆம் தேதி ஜெராய் மலையில் இதுதான் நடந்தது. யான் பக்கமும் மெர்போக் பக்கமும் சேற்று நீர் பாய்ந்து பலர் உயிரிழந்தனர். வீடுகளும் வாகனங்களும் சேதமடைந்தன. அடுத்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதி பாலிங் மாவட்டம் கூப்பாங்கில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் மூவர் இறந்தனர்.

மழையே அரிதான பாலைவனத்திலும் இதே கதைதான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஆண்டலோப் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் 1997 ஆகஸ்டு 12ஆம் தேதி 11 பேர் வெள்ளத்தில் மாண்டனர். அவர்கள் நின்ற இடத்தில் பெருமழை இல்லை. பல கிலோமீட்டர் தொலைவில் பெய்த மழை அவர்களைத் தேடி வந்தது. ஆகவே தலைக்கு மேல் உள்ள வானத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது போதாது.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பைப் பார்த்து வருவது நல்லது. அத்துறையின் 'மைச்சுவாச்சா' செயலியில் எச்சரிக்கைகள் வருகின்றன. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'இன்போ பஞ்சிர்' இணையத்தளத்தில் மழை அளவையும் ஆற்று நீர்மட்டத்தையும் பார்க்கலாம். முந்தைய நாள்களில் விடாமல் பெய்திருந்தால் மண் ஏற்கெனவே ஊறியிருக்கும். அந்நிலையில் சிறு மழையே போதும், சரிவு இளகிவிடும். அப்போது பயணத்தை ஒத்திவைக்கத் தயங்கக் கூடாது. வாடகை வேனுக்குக் கொடுத்த முன்பணம் போகிறதே என்று பார்ப்பவர்கள்தான் அதிகம்.

மலையின் பெரும்பகுதி வனக்காப்பகம் என்பதால், எந்தப் பாதையில் ஏறுவதானாலும் முன்கூட்டியே வனத்துறையிடம் அனுமதி பற்றிக் கேட்டறிய வேண்டும். அனுமதி பெற்ற வழிகாட்டியுடன் செல்வதே முறை. வழிகாட்டிக்குப் பாதை தெரிவதோடு, எந்த ஓடை எவ்வளவு மழையில் பொங்கும் என்பதும் தெரியும். அந்தத் தொகையை மிச்சப்படுத்தப் பார்ப்பது சிக்கனமாகாது.

தோட்டத்தில் விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுத்த பிறகுதான் வேலை தொடங்கும். மலைக்கும் அந்தக் கணக்கு தேவை. போகிறவர்களின் பெயர், கைப்பேசி எண், ஏறும் பாதை, தங்கும் இடம், இறங்கும் நேரம் ஆகியவற்றை எழுதி, வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட மணிக்குள் தகவல் வராவிட்டால் அவர் 999 எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். மலையின் எல்லா இடங்களிலும் கைப்பேசி வேலை செய்யும் என்று நம்ப முடியாது. கூடுதல் மின்கல வங்கியை நெகிழிப் பையில் சுற்றி எடுத்துச் செல்லலாம்.

முதன்முறை செல்வோருக்கு ஒரு வசதி உண்டு. குரூணிலிருந்து மலைமேல் செல்லத் தார்ச்சாலை இருக்கிறது. மேலே தங்கும் விடுதியும் இருக்கிறது. அதனால் காட்டுப்பாதையில் நடந்து ஏறி, இரவு கூரையின் கீழ் உறங்கி, மறுநாள் வாகனத்தில் இறங்கலாம். பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள குழுவுக்கு மழை மாதங்களில் இதைவிட நல்ல திட்டம் இல்லை. கனமழைக்குப் பின் மண்சரிவால் சாலை மூடப்பட்டிருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கூடாரத்தில்தான் தங்குவது என்றால் இடத்தேர்வே முக்கியம். ஓடையோர மணல்திட்டு சமமாக, அழகாக, தண்ணீருக்குப் பக்கமாக இருக்கும். அது சமமாக இருப்பதற்குக் காரணமே வெள்ளம் அங்கே வந்து மணலைப் பரப்பிவிட்டுப் போனதுதான். சுற்றியுள்ள மரங்களில் எவ்வளவு உயரத்தில் சருகும் குச்சியும் சிக்கியிருக்கின்றன என்று பார்த்தால் பழைய வெள்ளத்தின் அளவு தெரியும். கூடாரம் அதற்கும் நன்றாக மேலே இருக்க வேண்டும். இருட்டில் ஏறித் தப்பக்கூடிய வழியை வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. அண்ணாந்து பார்ப்பதும் அவசியம். பட்டுப்போன கிளைக்குக் கீழே படுக்கக் கூடாது.

இந்த மாதங்களில் மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் பெய்கிறது. காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கி இரண்டு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுவது பாதுகாப்பு. ஊரில் ஏழு மணிக்கு மேல்தான் இருட்டும் என்றாலும், மரச்செறிவில் ஆறரைக்கே இருண்டுவிடும். சில நாள்களில் மலாக்கா நீரிணை வழியாகச் 'சுமத்ரா' எனப்படும் சூறைக்காற்று விடியற்காலையில் இடியுடன் வருவதும் உண்டு. எனவே மாலை வானம் தெளிந்துவிட்டது என்று கூடாரத்தை ஓடைப்பக்கம் இறக்கக் கூடாது.

தெளிந்த நீர் சட்டெனக் கலங்குவது, சருகும் நுரையும் மிதந்து வருவது, மேலே லாரி ஓடுவதுபோன்ற இரைச்சல் கேட்பது ஆகியவை அபாய அறிகுறிகள். காரணமின்றி நீர்மட்டம் குறைந்தாலும் எச்சரிக்கை வேண்டும்; மேலே மரங்கள் அடைத்து நீர் தேங்கியிருக்கலாம். அப்போது பையையும் பாத்திரத்தையும் எடுக்க நிற்காமல், கரையோரமாக ஓடாமல், பக்கச் சரிவில் உயரே ஏற வேண்டும். பொங்கிய ஓடைக்கு அப்பால் சிக்கிக்கொண்டவர்கள் கடக்க முயலாமல் காத்திருக்க வேண்டும். மலையோடைகள் பொங்கிய வேகத்தில் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதற்காகவே ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக வேண்டும்.

காலணி விஷயத்தில் கெடாக்காரர்கள் கடைகடையாக அலைய வேண்டியதில்லை. பால்மரம் சீவப் போனவர்கள் அணிந்த கறுப்பு ரப்பர் காலணி, 'அடிடாஸ் கம்போங்' என்று வேடிக்கையாக அழைக்கப்படுவது, ஈரப் பாறையிலும் சேற்றிலும் நன்றாகப் பிடிக்கும். விலை மலிவு, நனைந்தாலும் கனக்காது. உள்ளே மெத்தை கிடையாது என்பதால் தடித்த காலுறை போட வேண்டும். நீளமான காலுறை அட்டைக்கும் தடுப்பு. கடித்துவிட்டால் பிடுங்கி எறியாமல் நகத்தால் மெல்ல நெம்பி எடுப்பதே நல்லது.

மலைமேல் ஊரைவிட ஏறத்தாழ ஏழு டிகிரி குளிர் அதிகம். நனைந்த பருத்திச் சட்டையுடன் காற்றில் உட்கார்ந்தால் வெப்பநாட்டுக்காரருக்கும் உடல் விறைத்துவிடும். இரவுக்கென ஒரு மாற்றுடை, எந்த நிலையிலும் நனையாதபடி இரட்டை நெகிழிப் பையில் இருக்க வேண்டும். ஆளுக்கொரு தலைவிளக்கு, மழைச்சட்டை, விசில், மூன்று லிட்டர் தண்ணீர் ஆகியவை கட்டாயம். தேங்காய்ப்பால் சேர்த்த நாசி லெமாக் மதியத்துக்குள் கெட்டுவிடும். ரொட்டி, அவித்த மரவள்ளி, வேர்க்கடலை, பேரீச்சம்பழம் ஆகியவை தாங்கும். புரட்டாசி விரதக்காரர்களுக்கும் ஒத்துவரும்.

ஓடை நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் உடலுக்குள் நுழையும். காயத்தை நீர்புகாத ஒட்டுத்துணியால் மூடிக்கொள்ள வேண்டும். நோயின் அறிகுறி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்தே தெரியும். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், டிங்கியாக இருக்கும் என்று தாமே முடிவு செய்யாமல், காட்டோடையில் இறங்கியதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.