பனிமலையைக் கடந்த அஞ்சற்காரர்

காடு திருத்தியவன் ஒருவன். கழனி கண்டு மகிழ்ந்தவன் வேறொருவன். குடிபெயர்ந்தோர் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் உண்மை இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கு மலைப்புறத்தில் வாழ்ந்த நார்வே நாட்டவர் ஒருவரின் வாழ்க்கை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

நார்வே மலைகள் மலிந்த நாடு. உழுது பயிரிடத்தக்க நிலம் அங்கே நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உண்டு. மக்கள் பெருகப் பெருக, இருந்த சிறு நிலமும் துண்டுபட்டது. 1825ஆம் ஆண்டு 52 பேர் ஒரு சிறு கப்பலில் ஏறி, ஸ்தவாங்கர் துறைமுகத்தினின்று நியூயார்க் நோக்கிப் புறப்பட்டனர். அடுத்த நூறாண்டுகளில் ஏறத்தாழ 8 இலட்சம் நார்வே மக்கள் அவ்வழியைப் பின்பற்றினர்.

அவர்களுள் ஒருவரே யோன் டோர்ஸ்டெயின்சன் ரூ. டெலமார்க் மாவட்டத்தின் டின் என்னும் ஊரில் 1827இல் பிறந்த இவர், தந்தையைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். பத்து வயதில், 1837ஆம் ஆண்டு, குடும்பத்தாருடன் கடல் கடந்தார். இல்லினாய், மிசூரி, அயோவா, விஸ்கான்சின் எனக் குடும்பம் நிலம் தேடி அலைந்தது. அயலார் நாவுக்கு எளிதாகுமாறு அவர் பெயரும் ஜான் தாம்சன் என மாறிற்று. 1851இல் பொன் வேட்கை அவரைக் கலிபோர்னியாவுக்கு ஈர்த்தது. சில காலம் பொன் தேடியவர், பின்னர் மண்ணையே நம்பி உழவரானார்.

அக்காலத்தில் சியரா நெவாடா மலைத்தொடர் குளிர்காலந்தோறும் பனியால் அடைபட்டுவிடும். மலைக்குக் கிழக்கே குடியேறியிருந்தோர் மாதக்கணக்கில் உலகத் தொடர்பின்றித் தவித்தனர். அஞ்சல் சுமக்க ஆள் தேவை என்று 1855இல் சாக்ரமெண்டோ நாளிதழில் வெளிவந்த அறிவிப்பைத் தாம்சன் கண்டார். இளமையில் பிறந்த ஊரில் பழகிய பனிச்சறுக்குக் கட்டைகள் அவர் நினைவுக்கு வந்தன. கருவாலி மரத்தைச் செதுக்கிப் பத்தடி நீளக் கட்டைகளைத் தாமே செய்துகொண்டார். அவற்றின் எடை 25 பவுண்டு.

1856 ஜனவரியில் அவர் பணி தொடங்கிற்று. பிளேசர்வில் ஊரிலிருந்து ஜெனோவா வரை 90 மைல். போவதற்கு மூன்று நாள். திரும்புவதற்கு இரண்டு நாள். முதுகிலே அறுபது பவுண்டுக்கும் மிகுந்த அஞ்சற்பை. போர்வையில்லை; துப்பாக்கியில்லை. உலர்ந்த இறைச்சியும் ரொட்டியுமே உணவு. பட்டமரத்தைக் கொளுத்தி அதனருகே உறங்குவார். பனிப்புயல் வழிமறித்தால், பாறையொன்றின்மேல் ஏறித் தாய்நாட்டு நடனமாடி உடற்சூட்டைக் காத்துக்கொள்வார் என்பர். 'பனிக்காலணி தாம்சன்' என மக்கள் அன்போடு அழைத்தது இதனாலேயே.

கடிதம் சுமந்தவர் உயிரையும் சுமந்தார். 1856 டிசம்பரில், வழியிலிருந்த குடிசையொன்றில் ஜேம்ஸ் சிசன் என்பவர் கால்கள் பனியில் உறைந்து கிடக்கக் கண்டார். ஜெனோவாவுக்கு விரைந்து ஆட்களைத் திரட்டிவந்து, அவரைச் சறுக்கு வண்டியில் இழுத்துச் சேர்த்தார். கால்களை நீக்க மயக்க மருந்து வேண்டுமென்றார் மருத்துவர். ஊரில் அது கிடைக்கவில்லை. தாம்சன் மீண்டும் மலையைக் கடந்து சாக்ரமெண்டோ சென்று அதனைக் கொணர்ந்தார். சிசன் கால்களை இழந்தார். எனினும் உயிர் பிழைத்தார்.

இத்தகையவருக்கு அரசு செய்த கைம்மாறு யாது? அவர் பல ஆண்டுகள் முறையான ஒப்பந்தமின்றி உழைத்தார். 'கடிதங்கள் போய்ச் சேரட்டும். ஊதியம் பின்னர் வரும்' என நம்பினார் போலும்! அவருக்கு 6,000 டாலர் வழங்குமாறு நெவாடா சட்டமன்றம் 1869இல் நடுவண் அரசை வேண்டிற்று. பின்னர்த் தாமே வாஷிங்டன் சென்று முறையிட்டார். செல்லும் வழியில் புகைவண்டி பனியில் சிக்க, இறங்கி நடந்தே அடுத்த நிலையத்தை அடைந்தார். இரும்பு எந்திரம் தோற்ற பனியை வென்ற கால்களால், அலுவலகப் படிகளை வெல்ல இயலவில்லை. கேட்ட தொகை இறுதிவரை கிடைக்கவேயில்லை.

எனினும் அவர் வெறுங்கையராய் வாழ்ந்தாரல்லர். டைமண்ட் பள்ளத்தாக்கில் 160 ஏக்கர் நிலத்தைப் பண்படுத்தினார், 1866இல் மணம் புரிந்தார், மகனொருவனைப் பெற்றார். 1876 மே 15ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் வயதில் நோயுற்று மறைந்தார். ஈராண்டில் மகனும் இறந்தான். ஜெனோவா இடுகாட்டில் இருவரும் அருகருகே துயில்கின்றனர். மனைவி நாட்டிய கல்லில் இரு சறுக்குக் கட்டைகள் பொறிக்கப்பட்டுள்ளன.

குடிபெயர்ந்து வருவோன் வெறுங்கையோடு வருவதாகவே உலகம் எண்ணுகிறது. தாம்சனோ, பிறந்த மண்ணின் கலையொன்றை நெஞ்சிற் சுமந்து வந்து, புகுந்த மண்ணுக்கு வழியாக்கித் தந்தார். பிற்காலத்தார் அவருக்குச் சிலையும் எடுத்தனர். ஆயினும், உழைத்தவன் உயிரோடிருக்கையில் கொடுக்க வேண்டிய கூலிக்குச் சிலை ஒருபோதும் ஈடாகாது. அந்தக் கடன் தீராக் கடனாகவே நிற்கின்றது.