காசு கொடுத்து வாங்கிய நேரம்: ஹிப்ஹாப்பும் ஊர் வானொலியும்



தலித் இலக்கிய மேடையில், அதுவும் நினைவுச் சொற்பொழிவில், நியூயார்க் வானொலியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சில நண்பர்கள் கேட்டார்கள். அவர்களோடு நமக்குள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரையே கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 2018இல் சென்னையில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ், அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லைப் பெயராக வைத்துக்கொண்டு, கானாவையும் ராப்பையும் ஒன்றாக முழங்கியது. அந்த ராப் எந்த வழியாக உலகத்துக்கு வந்தது? இசைத்தட்டுக் கம்பெனிகள் வழியாக என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி, ஊர் தூங்கிய பிறகு ஒலித்த உள்ளூர் வானொலி நிகழ்ச்சிகளில் இருக்கிறது.

கதை ராப்புக்கு முன்பே தொடங்குகிறது. 1948இல் மெம்பிஸ் நகரின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் கறுப்பின மக்களுக்கான ஒலிபரப்பாக மாறியது. வியாபாரம் படுத்துவிட்டதால்தான் மாறினார்கள், முதலாளிகள் வெள்ளையர்கள். அடுத்த ஆண்டே அட்லாண்டாவில் ஜெஸ்ஸி பிளேட்டன் என்ற கணக்கியல் பேராசிரியர் டபிள்யூ.இ.ஆர்.டி. நிலையத்தை விலைக்கு வாங்கினார். கறுப்பர் ஒருவர் சொந்தமாக வைத்திருந்த முதல் அமெரிக்க வானொலி அதுதான். மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு பின்னாளில் அதே கட்டடத்தில் அலுவலகம் வைத்தது. கீழிருந்து கிங் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினால் மேலே ஒலிவாங்கியைத் தயார் செய்வார்கள் என்று ஒரு கதை உண்டு.

இந்த நிலையங்களின் அறிவிப்பாளர்கள் சும்மா அறிவிக்கவில்லை. எதுகை மோனையோடு, தாளத்தின் மேல் ஏறிப் பேசினார்கள். பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் ஜாக்கோ ஹெண்டர்சன் அப்படிப் பேசியே புகழ் பெற்றார். மீடியம் வேவ் அலைகள் இரவில் வெகுதூரம் போகும் என்பது பழைய டிரான்சிஸ்டர் வைத்திருந்த நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான். நியூ ஆர்லியன்ஸ், மியாமி நிலையங்கள் கடல் தாண்டி ஜமைக்காவில் கேட்டன. அங்கே தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி ஆட்டம் போட்டவர்கள், அந்த அறிவிப்பாளர்களின் பேச்சைத் தங்கள் மொழிக்கு மாற்றிப் பாட்டின் மேல் பேசத் தொடங்கினார்கள். கிங்ஸ்டன் நகரில் அந்த ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த கிளைவ் கேம்பல் என்ற சிறுவன் 1967இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தான். அவன்தான் டிஜே கூல் ஹெர்க்.

பிராங்ஸ் அப்போது எப்படி இருந்தது? ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி நெடுஞ்சாலை போடுவதற்காகக் குடியிருப்புகளின் நடுவே கோடு கிழித்திருந்தார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்ந்தன. நகரை அழகாக்க யாரைக் கிளப்புவார்கள் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று, 1520 செட்ஜ்விக் அவென்யூ அடுக்ககத்தின் பொதுக்கூடத்தில் ஹெர்க்கின் தங்கை சிண்டி ஒரு விருந்து வைத்தார். பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி எடுக்கப் பணம் வேண்டும். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டில் தாளம் மட்டும் தனித்து வரும் இடத்தை ஹெர்க் நீட்டி நீட்டி ஒலிக்கவிட்டார். ஹிப்ஹாப் பிறந்த நாளாக இதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் முதல் அமைப்பாளர் சிண்டி என்பதைப் பலர் அடிக்குறிப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆறு ஆண்டுகள் இந்த இசைக்கு வானொலி இல்லை; கையால் நகலெடுத்த கேசட்டுகள்தான். 1979இல் சில்வியா ராபின்சன் என்ற பெண் நடத்திய கம்பெனி ‘ராப்பர்ஸ் டிலைட்’ இசைத்தட்டை வெளியிட்டது. அது விற்றுத் தீர்ந்தது. அதன் பிறகும் கதவு எளிதில் திறக்கவில்லை. கறுப்பர்களுக்கான பெரிய நிலையங்களே ராப்பை ஒதுக்கின. வசதியான நேயர்களும் விளம்பரதாரர்களும் விலகிவிடுவார்கள் என்ற பயம். படித்து மேலே வந்த நம் வீடுகள் சிலவற்றில் பறையை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறார்களே, அதே கூச்சம்தான் இது என்று நான் வாசிக்கிறேன்.

வழி வேறு இடத்தில் கிடைத்தது. நியூஜெர்சியின் டபிள்யூ.எச்.பி.ஐ. நிலையம் நேரத்தை விலைக்கு விற்றது. மதப் பிரசங்கம் செய்பவரோ புலம்பெயர்ந்த மொழிக்காரரோ, யார் காசு கட்டினாலும் ஒலிபரப்பலாம். ஜான் ரிவாஸ் என்ற இளைஞர் அங்கே நேரம் வாங்கி, மிஸ்டர் மேஜிக் என்ற பெயரில் ராப் போட்டார். சந்தையைப் புகழ நான் வரவில்லை. ஆனால் தகுதி பார்க்கும் குழு எதுவும் குறுக்கே நிற்காத ஒரு சந்து அங்கே இருந்தது, அவர் நுழைந்தார். 1983இல் பெரிய நிலையமான டபிள்யூ.பி.எல்.எஸ். அவரை அழைத்துக்கொண்டது. ‘ராப் அட்டாக்’ நிகழ்ச்சியில் மார்லி மார்ல் தட்டுகளைச் சுழற்றினார். போட்டி நிலையமான கிஸ் எஃப்.எம். உடனே டிஜே ரெட் அலர்ட்டை இறக்கியது. குவீன்ஸா பிராங்ஸா என்று இரு பகுதிக் கலைஞர்கள் பாட்டிலேயே மோதிக்கொண்டதற்கு இந்த இரு நிகழ்ச்சிகளும் களமாயின. பிள்ளைகள் ரெக்கார்டர் பொத்தானில் விரல் வைத்துக் காத்திருந்தார்கள். நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. 1994இல் வந்த ‘ஜூசி’ பாட்டில் அந்தக் கேசட்டுகளையும் மிஸ்டர் மேஜிக்கையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்.

கதவைத் திறந்தவரே காவல்காரராகவும் ஆனார் என்பதையும் சொல்ல வேண்டும். பப்ளிக் எனிமி குழுவின் முதல் பாட்டை மேஜிக் நேரலையிலேயே கேவலப்படுத்தினார். குழு அந்த ஏச்சைப் பதிவு செய்து வைத்து, 1988 ஆல்பத்தில் அப்படியே சேர்த்துக்கொண்டது. அந்தக் குழு வளர்ந்த இடமும் ஒரு சிறு வானொலிதான்: அடெல்ஃபி பல்கலைக்கழக மாணவர் நிலையம்.

பிலடெல்பியாவில் லேடி பி என்ற பெண் 1979 வாக்கிலேயே ராப் ஒலிபரப்பினார். லாஸ் ஏஞ்சல்சில் கிரெக் மேக்கின் கே-டே நிலையம், 1986இல் ஓர் இசைக் கச்சேரியில் தெருக்குழுக்கள் மோதிக்கொண்டபோது, ரன் டி.எம்.சி.யை அழைத்து அமைதி நாள் ஒலிபரப்பு நடத்தியது. தனியே பேச வேண்டிய கதைகள் இவை.

1990இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.கே.சி.ஆர். நிலையத்தில் ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ கார்சியா இருவரும் வியாழன் இரவு 1 மணி முதல் 5 மணி வரை நிகழ்ச்சி நடத்தினார்கள். ஒருவர் வெள்ளையர், மற்றவர் போர்ட்டோரிக்கர். கம்பெனி ஒப்பந்தம் கிடைக்காத பையன்கள் ஒலிவாங்கி முன் நின்று எழுதாத வரிகளைப் பாடினார்கள். நாஸ், பிக் எல், வூ டாங் என்று பின்னாளில் உலகம் அறிந்தவர்கள் அவர்கள். 1998 வரை அது நடந்தது. பெண்களைப் பற்றிய அந்தப் பாடல் வரிகளில் பலவற்றை இந்த மேடையில் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். கறுப்பினப் பெண்ணியர்கள் அதற்கு எழுதிய பதில்களும் இந்த வரலாற்றின் பகுதிதான்.

1996இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் மாறியது. ஒரு நிறுவனம் நாடு முழுக்க இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பு நீங்கியது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் நிறுவனத்திடம் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. எந்த ஊரில் எந்தப் பாட்டு என்று வேறு ஊரில் முடிவானது. ராப் அப்போது முன்னைவிட அதிகமாக ஒலித்தது. உள்ளூர்ப் பையனின் கேசட்டுக்குத்தான் இடமில்லை.

2001 செப்டம்பரில் போர் அதிகாரத்துக்கு எதிராக நாடாளுமன்றத்தில் வாக்களித்த ஒரே உறுப்பினர் பார்பரா லீ என்ற கறுப்பினப் பெண். சான்பிரான்சிஸ்கோவின் கே.எம்.இ.எல். நிலையத்தில் அவரை ஒலிபரப்பிய டேவி டி, அடுத்த மாதமே வேலை இழந்தார். சிக்கன நடவடிக்கை என்றது நிர்வாகம். நேயர்கள் நம்பவில்லை, போராடினார்கள். டேவி டி, நேயர்களின் நன்கொடையில் ஓடும் பெர்க்லியின் கே.பி.எஃப்.ஏ. நிலையத்தில் ‘ஹார்ட் நாக் ரேடியோ’ நிகழ்ச்சியைத் தொடர்ந்தார். பாட்டும், பாட்டின் வரலாறும், காவல்துறை வன்முறையும் அங்கே ஒரே மணி நேரத்தில் பேசப்பட்டன. எண்பதுகளின் நிகழ்ச்சிகளில் இன்று நாம் கேட்க முடிகிறவை பெரும்பாலும், கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் கிடந்த, கேட்டவர்களே பதிவு செய்த கேசட்டுகளிலிருந்து வந்தவை. இடையிடையே நாய் குரைப்பதும், பக்கத்து அறையிலிருந்து அம்மா கூப்பிடுவதும் அவற்றில் கேட்கும்.