குதிரை விலையும் கார் விலையும்

திண்டுக்கல் வட்டாரத்து இராவுத்தர் இல்லங்களில் பிறந்தோர்க்குத் தம் பெயரோடு ஒட்டிய அச்சொல் குதிரை வீரனைக் குறிப்பது என்பது தெரிந்திருக்கும். முருகனையே அருணகிரிநாதர் அப்பெயரால் விளித்துள்ளார். 1755-இல் ஹைதர் அலீ மைசூர் அரசின் பவுஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தபோதும் குதிரைப்படை இல்லாத தளபதியை எவரும் மதித்திருக்க மாட்டார்கள்.

குதிரை மறைந்தது; அதன் பெயர் எந்திரத்தின் அளவாயிற்று. 1964-இல் அமெரிக்காவின் பான்டியாக் நிறுவனம் நடுத்தரக் கார் ஒன்றில் பெரிய எந்திரத்தைப் பொருத்தி, 325 குதிரைச்சக்தியோடு ஜி.டி.ஓ. என்று விற்றது. அதே ஆண்டில் ஃபோர்டு வெளியிட்ட காருக்கு மஸ்டாங் என்று பெயர்; அந்நாட்டுக் காட்டுக் குதிரையின் பெயர் அது. இளைஞர் கைக்கு எட்டிய விலையில் வேகம் கிடைத்தது. அந்தக் கூத்து பத்தாண்டு கூட நீடிக்கவில்லை. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தன. முன்னொரு காலத்தில் பாண்டிய நாட்டுக்குக் குதிரை கொண்டுவந்து விற்றவர்களின் வழித்தோன்றல்கள், அமெரிக்காவின் இரும்புக் குதிரைகளை நிறுத்தினார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது!

1971-இல் பிளைமவுத் நிறுவனம் 425 குதிரைச்சக்தி கொண்ட ஹெமி எந்திரத்தோடு செய்த, கூரை மடங்கும் குடா கார்கள் பதினொன்றே. வாங்குவார் அருகியதால் வந்த சிறு எண்ணிக்கை அது. அவற்றுள் ஒன்று 2014-இல் ஏலத்தில் 35 இலட்சம் டாலருக்குப் போயிற்று. அன்று வேண்டாமென்று விட்டதுதான் இன்றைய விலைக்கு மூலம்.

இவ்விந்தை நமக்குப் புதிதன்று. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், பாண்டிய நாட்டில் ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார் கொடுக்கப்பட்டதாக எழுதினார். வறுத்த பார்லியையும் நெய்யூட்டிய தானியத்தையும் தின்னக் கொடுத்ததால் அவை நலிந்தன என்றும் கூறினார். மார்க்கோ போலோ ஒருபடி மேலே சென்று, குதிரைகள் ஆண்டுதோறும் மடிய வேண்டுமென்றே வணிகர்கள் இலாட வைத்தியர்களை இங்கு வரவிடவில்லை என்கிறார். நம் முன்னோர் மீது விழும் பழிதான். ஆயினும் மறைக்க வேண்டியதில்லை. அழிவே சரக்கின் விலையை நிறுத்தியது.

நம் நாட்டில் டாட்ஜும் பிளைமவுத்தும் பம்பாயில் பிரீமியர் நிறுவனத்தால் 1947 முதல் பூட்டப்பட்டன. பெட்ரோல் குடிக்கிறதென்று பலர் அவற்றின் எந்திரத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டு, டீசல் எந்திரம் மாட்டினர். அன்றைய கணக்கில் அது சரிதான். எந்தக் குடும்பத்தையும் நாம் குறை கூறமாட்டோம். ஆனால் 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, ஐம்பதாண்டு கடந்த கார், எந்திரமும் அடிச்சட்டமும் உடற்கூடும் பெருமாற்றமின்றி இருந்தால்தான் தொன்மை வாகனமாகப் பதிவாகும்; கட்டணம் 20,000 ரூபாய். பாட்டனாரின் கார் எவர் வீட்டுக் கொட்டகையிலேனும் கிடந்தால், பழைய இரும்பு வியாபாரியை அழைக்குமுன் எந்திர எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்.