கரையில் மூர்கள்

ஸ்பெயின் என்றதும் நமது எழுத்தாளர்களின் நினைவு தெற்கு நோக்கியே ஓடும். குர்துபா, கர்னாத்தா, இஷ்பீலியா. 1933இல் அல்லாமா இக்பால் குர்துபாப் பள்ளிவாசலில் நின்று உருகியதிலிருந்து, நம்மில் பலர் அந்தத் தூண்களைக் காணாமலேயே கண்ணீர் விடப் பழகிக்கொண்டோம். நானும் அப்படி இரண்டொரு கட்டுரைகள் எழுதியவன்தான். அந்தக் கண்ணீரில் ஒரு வசதி இருக்கிறது. அங்கே இழந்தவர்கள் நாம், இழைத்தவர்கள் அவர்கள். கணக்கு எளிதில் முடிந்துவிடும்.

வடக்கே கணக்கு அப்படி முடிவதில்லை. பிரெஞ்சு எல்லையை ஒட்டிய சான் செபஸ்தியானிலிருந்து மேற்கே லா கொருன்யா வரை, கந்தாப்ரியக் கடலை அணைத்தபடி ஏறத்தாழ 650 கிலோமீற்றர் நீளும் கரை அது. கோடையிலும் மழை பெய்யும் பச்சை நிலம். ஒலிவ மரத்தைத் தேடினாலும் காண முடியாது. எங்கும் ஆப்பிள் தோட்டங்களும் மாடுகளுந்தான். ஸ்பெயின் என்று நாம் கற்பனை செய்து வைத்திருப்பதற்கு நேர்மாறான ஒரு ஸ்பெயின். பிரான்ஸில் வசிக்கும் என் மருமகன் காரை ஓட்ட, ஒரு கோடை விடுமுறையில் அந்தக் கரை நெடுகப் பயணம் செய்தேன். குளிர்ந்த கடலில் குளிப்பது அவனது திட்டமாக இருந்தது. ஒரு சொல் எங்கிருந்து புறப்பட்டது என்று பார்ப்பது என்னுடைய திட்டம்.

அந்தச் சொல் ‘மோரோ’. மொரித்தேனியா என்று உரோமர்கள் அழைத்த வட ஆபிரிக்க நிலத்தின் மக்களுக்கு அவர்கள் இட்ட பெயரின் வழி வந்தது. 711இல் தாரிக் இப்னு ஸியாத் கடலைக் கடந்த பின்னர் ஐபீரியக் கிறிஸ்தவர்களின் வாயில் அது முஸ்லிம் என்பதற்கே மறுபெயராயிற்று. ஸ்பானிய மொழியில் இன்றும் ஒரு வழக்கு உண்டு. இரகசியம் பேசுமுன் அக்கம்பக்கத்தில் எவருமில்லை என்று உறுதி செய்ய, ‘கரையில் மூர்கள் இல்லை’ என்பார்கள். மத்தியதரைக் கரையில் வட ஆபிரிக்கக் கடற்கொள்ளையருக்கு அஞ்சி வாழ்ந்த காலத்தில் பிறந்த வழக்காம் அது. இதைச் சொன்னபோது மருமகன் சிரித்துவிட்டு, “இது நம்மளையா மாமா சொல்றாங்க?” என்று கேட்டான். நம்மையுந்தான் என்பதே உண்மை. 1500களின் தொடக்கத்தில் இலங்கைக் கரைக்கு வந்த போர்த்துக்கேயர், இங்கே தொழுதுகொண்டும் வியாபாரம் செய்துகொண்டும் இருந்த சோனகரைக் கண்டபோது, புதுப் பெயர் ஒன்றைத் தேடிச் சிரமப்படவில்லை. கையில் இருந்த பழைய பெயரையே ஒட்டிவிட்டார்கள். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் அந்த இனத்தின் பூர்வீகம் பற்றிக் கட்டுரை வாசித்ததும், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு எழுதியதும் நமது வாசகர்களுக்குப் புதிதல்ல. அந்த விவாதம் முழுவதும் அந்நியர் ஒட்டிய ஒரு பெயரின் நிழலில்தான் நடந்தது.

சான் செபஸ்தியானுக்கு மேற்கே கெதாரியா என்றொரு சிறிய மீன்பிடி ஊர். கரியில் வாட்டிய மீனின் வாசம் தெருவெல்லாம் வீசும். உலகை முதன்முதலாகச் சுற்றி வந்த கப்பலைக் கரைசேர்த்த எல்கானோ பிறந்த ஊர் இதுதான். 1521 ஏப்ரலில் மகெல்லன் மக்தான் தீவில் கொல்லப்பட்ட பிறகு, எஞ்சியோரில் 18 பேருடன் 1522 செப்ரெம்பரில் இவர் ஸ்பெயின் திரும்பினார். அந்தக் கப்பல் சென்ற வழியில், புரூணையிலும் மலுக்குத் தீவுகளிலும் முஸ்லிம் ஆட்சியாளர்களைக் கண்ட இடத்திலெல்லாம், அவர்களும் ‘மூர்கள்’ என்றே குறிக்கப்பட்டனர். இதே பாஸ்க் நிலத்தைச் சேர்ந்த லெகாஸ்பி 1571இல் மணிலாவைப் பிடித்தபோது அங்கே ஆண்டவர் சுலைமான் என்ற முஸ்லிம் அரசர். தெற்கே அடங்க மறுத்த முஸ்லிம்களுக்கு ஸ்பானியர் வைத்த வசைப்பெயரை அம்மக்கள் பின்னாளில் தாமே எடுத்து அணிந்துகொண்டார்கள். 2019இல் அமைந்த பங்சமோரோ தன்னாட்சிப் பிரதேசத்தின் பெயருக்குள் அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. கெதாரியாவின் எல்கானோ சிலையின் கீழ் நின்றபோது எனக்குத் தோன்றியது, நாமும் மின்தானோ மக்களும் ஒரே பெயர்சூட்டு விழாவின் பிள்ளைகள் என்பதே.

பாஸ்க் நிலத்தை விட்டு நகருமுன் ஒரு செய்தி. குர்துபாவில் கிலாபத்தைப் பிரகடனம் செய்த மூன்றாம் அப்துர் ரஹ்மானின் தந்தைவழிப் பாட்டி, பம்பலோனா அரச குலத்துப் பெண். நீலக் கண்களும் செம்பட்டைத் தலைமுடியுமாக இருந்த அந்தக் கலீபா முடிக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டதாகப் பழைய வரலாறுகள் கூறுகின்றன. ‘மூர்’ என்றால் கறுத்தவன் என்று எண்ணுபவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பில்பாவோவில் கூட்டம் முழுவதும் 1997இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கே போகிறது. நாங்களும் போனோம். அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். சன்டான்டரைத் தலைநகராகக் கொண்ட கந்தாப்ரியாவின் கொடியில் உள்ள சின்னம் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது. அதில் ஒரு கோபுரம், ஒரு கப்பல், ஒரு சங்கிலி. கோபுரம் இந்த ஊரினுடையது அன்று. பல நூறு கிலோமீற்றர் தெற்கே இஷ்பீலியாவில் முவஹ்ஹிதீன் ஆட்சியாளர்கள் 1220ஐ ஒட்டிக் கட்டிய தங்கக் கோபுரம். 1248இல் மூன்றாம் பெர்னாந்து இஷ்பீலியாவை முற்றுகையிட்டபோது, ரமோன் போனிபாஸின் தலைமையில் இந்த வடகரைத் துறைமுகங்களின் கப்பல்கள் குவாதல்கிவீர் ஆற்றில் ஏறி, முஸ்லிம்களின் தடையை மோதி உடைத்தன. அவ்வாண்டு நவம்பரில் நகரம் வீழ்ந்தது. தெற்கின் வீழ்ச்சியைக் குதிரை வீரர்களின் கதையாகவே படித்து வந்திருக்கிறோம். திமிங்கில வேட்டையும் மீன்பிடியும் வளர்த்த மாலுமிகளின் கதையும் அதில் உண்டு என்பதை ஒரு கொடியைப் பார்த்துத்தான் நான் கற்றேன்.

அஸ்தூரியாஸுக்குள் நுழைந்ததும் சாலை ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் கடலுமாக ஒடுங்குகிறது. இங்கேதான், கரையிலிருந்து சற்று உள்ளே, கொவதொங்காக் குகை. முஸ்லிம் ஆளுநர் முனூஸா ஹிஹோன் துறைமுக நகரிலிருந்து இப்பகுதியை நிர்வகித்த காலத்தில், பெலாயோ என்பவர் இந்த மலையில் கலகம் தொடங்கினார். 722 என்று பொதுவாகக் குறிக்கப்படும் ஆண்டில் இங்கே நடந்த மோதலே ‘மீள்வெற்றி’யின் முதல் நாள் என்பது ஸ்பெயினின் பாடநூல் மரபு. அரச வாரிசுக்கு ‘அஸ்தூரியாஸ் இளவரசர்’ என்ற பட்டம் 1388 முதல் வழங்கி வருகிறது. அஸ்தூரியாஸ்தான் ஸ்பெயின், மற்றதெல்லாம் வென்றெடுத்த நிலம் என்று இவ்வூரார் பெருமை பேசுவதுண்டு.

நடந்தது என்ன? அங்கேதான் சுவாரசியம். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அஸ்தூரிய அரசவையில் எழுதப்பட்ட வரலாறு, முஸ்லிம் படை 187,000 பேர் என்கிறது. 124,000 பேர் குகையடியில் மாண்டனராம், எஞ்சியோரை மலை சரிந்து விழுங்கியதாம். அந்தப் பள்ளத்தாக்கைக் கண்ணால் கண்டவர்கள் இந்த எண்ணை நம்பமாட்டார்கள். அவ்வளவு பேர் நிற்கவே அங்கு இடமில்லை. ஆனால் நம்மவர் எழுத்தையும் பார்க்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் அல்-மக்கரீ தொகுத்துத் தந்த பழைய அறபுக் குறிப்புகளில், பாறை இடுக்கில் தேனைத் தின்று பிழைத்த முப்பது ஆண்களும் பத்துப் பெண்களுமே பெலாயோவின் கூட்டம். முப்பது பேரால் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டார்களாம். ஒரு தரப்பு எண்ணைப் பெருக்கிற்று, மறு தரப்பு ஆளைச் சுருக்கிற்று. காலத்தால் மிக நெருங்கிய 754ஆம் ஆண்டு இலத்தீன் வரலாறோ இப்படியொரு போரைக் குறிப்பிடவே இல்லை. இரண்டு மிகைகளுக்கும் நடுவே ஒரு சிறிய மலைச் சண்டை நடந்திருக்கலாம் என்பதற்கு மேல் நேர்மையான வரலாற்றாசிரியர் எதையும் சொல்ல முடியாது.

இந்தக் கரைக்குப் பொது எதிரியும் ஒருமுறை வந்தான். 844இல் வைகிங்குகளின் கப்பல்கள் ஹிஹோனைத் தொட்டு, லா கொருன்யாவின் உரோமர் காலக் கலங்கரை விளக்கின் அருகே முதலாம் ராமிரோவின் படையிடம் அடிவாங்கி, தெற்கே போய் இஷ்பீலியாவைச் சூறையாடின. இரண்டாம் அப்துர் ரஹ்மானின் படை அவர்களை முறியடித்தது. பின்னர் சமாதானம் பேச, கவிஞர் அல்-கஸால் வடபுல அரசனிடம் தூது சென்றார் என்றும், திரும்பும் வழியில் சந்தியாகோவில் தங்கினார் என்றும் இப்னு திஹ்யா எழுதுகிறார். இதை ஐயுறும் ஆய்வாளர் உண்டு. ஆனாலும் ஒரு முஸ்லிம் கவிஞர் கிறிஸ்தவப் புனித நகரில் விருந்தினராக இருந்தார் என்ற கதையை விட்டுவிட மனமில்லை.

ஏனெனில் அதே நகருக்கு 997இல் வேறொருவர் வந்தார். ஹாஜிப் அல்மன்சூர். குதிரைப்படை தரைவழியாகவும் காலாட்படை கடல்வழியாகவும் வர, கிறிஸ்தவப் பிரபுக்கள் சிலரும் அவரது படையில் சேர்ந்திருந்தனர். நகரைத் தரைமட்டமாக்கினார். சமாதியை மட்டும் தொடவில்லை. அங்கே தனித்திருந்த வயோதிபத் துறவியைக் காவல் வைத்துக் காத்தார் என்று அறபு நூல்கள் புகழ்கின்றன. தேவாலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகள் குர்துபா வரை சுமந்தனர். அவை பள்ளிவாசலில் விளக்குகளாயின. 1236இல் குர்துபா வீழ்ந்ததும் அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினார் மூன்றாம் பெர்னாந்து. இரண்டாவது சுமையைப் பற்றி நம்மிடையே நிறையப் பேசியிருக்கிறோம். முதலாவது சுமையைப் பற்றி நான் படித்த தமிழ் நூல்களில் ஒரு வரிகூட இல்லை. என் பழைய கட்டுரைகளிலும் இல்லை.

சந்தியாகோ தேவாலயத்தினுள் ‘மூர்களைக் கொல்பவர்’ கோலத்தில் வெள்ளைக் குதிரையேறிய புனிதரின் 18ஆம் நூற்றாண்டுச் சிலை உண்டு. குதிரைக் காலடியில் கிடக்கும் மூர்களை மலர்களால் மூடிவிடுவது வழக்கம். 2004இல் சிலையை அகற்றப்போவதாக அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பவே கைவிட்டார்கள். இப்புனிதரும் நமக்கு அந்நியரல்லர். கிளாலியில் அவருக்குக் கோவில் உண்டு. பேதுருப் புலவர் 1647இல் ‘சந்தியோகுமையோர் அம்மானை’ பாடினார். மூர் என்ற பெயரும் மூர்களைக் கொல்பவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நம் தீவில் வந்திறங்கியிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில், மேற்கு அஸ்தூரியாஸில், லுவார்க்கா துறைமுகத்தை அடுத்த பார்சியாவில் காரை நிறுத்தச் சொன்னேன். அங்கே ஒரு மையவாடி இருக்கிறது. ‘மூர்களின் மயானம்’ என்பதே அதன் பெயர். 1936இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் பிராங்கோவின் பக்கம் நின்று இறந்த மொறோக்கோ வீரர்கள் அடக்கப்பட்ட இடம். அதற்கு முன்பே, 1934 ஒக்டோபரில் அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களை அடக்க மொறோக்கோப் படைகளைக் கப்பலில் ஏற்றி ஹிஹோனில் இறக்கியது மத்திரித் அரசு. முனூஸா போன துறைமுகத்திலேயே மூர்கள் வந்து இறங்கினார்கள், இம்முறை ஸ்பெயினின் கட்டளையில். உள்நாட்டுப் போரில் பல்லாயிரக்கணக்கான மொறோக்கோ இளைஞர் சேர்க்கப்பட்டனர். ரிஃப் மலையில் அப்துல் கரீமின் எழுச்சியை 1920களில் நச்சுக் குண்டு வீசி நசுக்கிய அதே இராணுவம், வறுமையில் கிடந்த அதே கிராமங்களுக்குப் போய்ச் சம்பளம் காட்டி ஆள் பிடித்தது. அவர்களை வைத்து நடத்திய போருக்குப் பிராங்கோவின் ஆதரவாளர் சூட்டிய பெயர் ‘சிலுவைப் போர்’. மறுபக்கத்துக் குடியரசுவாதிகளோ தம் சுவரொட்டிகளில் பழைய மூர்ப் பூதத்தை மீண்டும் வரைந்தார்கள். அந்தப் படைகள் செய்த கொடுமைகள் உண்மை. அதையும் மறைக்கக் கூடாது. அஸ்தூரியச் சுரங்கக் குடும்பங்களில் அந்த நினைவு தலைமுறை தாண்டி நிற்கிறது.

கல்மதில், குதிரைலாட வடிவில் வளைந்த வாசல், உள்ளே புல். பெயர் எழுதிய கல் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஃபாத்திஹா ஓத நின்றோம். கிப்லா எந்தப் பக்கம் என்று மருமகன் கைத்தொலைபேசியில் பார்த்தான். கிழக்கே, சற்றுத் தெற்காக. இடது புறத்தில் கடல் இரைந்துகொண்டிருந்தது. பிறகு காரில் உட்கார்ந்து சாலை வரைபடத்தை விரித்து, அதே திசையில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். நூறு கிலோமீற்றருக்குச் சற்று அப்பால், விரல் ஏறக்குறைய கொவதொங்காவின் மேல் போய் நின்றது.