கண்ணாடியில் தெரியும் பொய்க்கணக்கு

1873-இல் பாரிஸில் லசேக், லண்டனில் வில்லியம் கல் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே ஒரே நோயை விவரித்தார்கள். எலும்பும் தோலுமான இளம்பெண்கள். ஆனாலும் சாப்பிட மாட்டார்கள். கல் வைத்த பெயர்தான் 'அனோரெக்சியா நெர்வோசா'.

1962-இல் ஹில்டே புரூக் என்ற மனநல மருத்துவர், தம் உடம்பை உணர்வதிலேயே இவர்களுக்குக் கோளாறு என்றார். 1973-இல் ஸ்லேடும் ரஸ்ஸலும் அளந்தே பார்த்தார்கள். மரக்கட்டையின் அகலத்தைச் சரியாகச் சொன்னவர்கள், தம் இடுப்பகலத்தை மிக அதிகமாகச் சொன்னார்கள். 2013-இல் நெதர்லாந்து ஆய்வில், தாராளமான வாசலிலும் தோளைத் திருப்பியே நுழைந்தார்கள்.

வங்கிக்காரன் பாஷையில், கண்ணில் பழுதில்லை. மூளையின் பேரேட்டில் தப்பான பதிவு. ஆகவே நண்பர்களே, ஹாஸ்டலிலிருந்து இளைத்து வரும் பிள்ளை "குண்டாயிட்டேன்" என்றால் வாதாடாதீர்கள்; டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.